தேமல்தானேனு விட்டுடாதீங்க! உங்கள் தோலுக்குள் ஓடும் 'பம்ப் செட்' கதை

திருநாவலூர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர் இதுதான். 'சுந்தரர்' என்றாலே அழகர் என்று அர்த்தம். ஆனால், அந்த அழகருக்கே ஒரு கட்டத்தில் உடம்பில் தோல் நோய் வந்தது என்றும், திருத்துருத்தி என்ற தலத்தில் குளத்தில் மூழ்கி எழுந்தபோது அது நீங்கியது என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. அது என்ன நோய் என்பது நமக்கு வேண்டாம். விஷயம் வேற. தோலில் ஒரு மாற்றம் வந்தால் மனுஷன் எவ்வளவு ஆடிப்போவான் என்பது, ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இந்த ஊருக்குத் தெரியும்.

இப்போது ஒரு கற்பனைக் காட்சி. அதே திருநாவலூர். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண். பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரம்.

"என்னடி இது, முழங்கைகிட்ட வெளுத்தாப்ல இருக்கு?"

"தேமல்மா. விடு. பஸ் போயிடும்."

"அரிக்குதா?"

"இல்லம்மா. ஒண்ணுமே தெரியல."

அவ்வளவுதான். அம்மா விட்டுவிடுகிறார். பெண் வழியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்று "தேமலுக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணா" என்று வாங்கிப் போகிறாள். பத்து நாளில் கொஞ்சம் மங்குகிறது. போட்டோவில் தெரியாத அளவுக்கு ஆனதும் அவளும் மறந்துவிடுகிறாள்.

இந்தக் காட்சியில் ரொம்ப முக்கியமான டயலாக் எது தெரியுமா? "ஒண்ணுமே தெரியல" என்பதுதான். அரிப்பில்லாத, தொட்டால் உணர்ச்சி குறைந்த, வெளுத்த அல்லது லேசாகச் சிவந்த ஒரு படை தொழுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். 'அய்யய்யோ' என்று போனை கீழே வைத்துவிட வேண்டாம். இன்றைக்கு இது மாத்திரையில் முழுசாகக் குணமாகும் நோய். அந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால், எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் கை, கால், கண் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சரி, அந்தச் சின்ன வெளுத்த இடத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? அங்கே ஒரு பெரிய சண்டை. அந்தச் சண்டையில் நமக்காக வேலை செய்வது, கண்ணுக்குத் தெரியாத சில 'பம்ப் செட்'கள். வாங்க, கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

தோல் வெறும் போர்வை இல்லை!

தோல் என்றால் உடம்பைச் சுற்றிய ஒரு கவர் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். உண்மையில் அது ஆள் நடமாட்டம் உள்ள ஒரு ஊர் மாதிரி. மேல் அடுக்கில், தோல் செல்களுக்கு நடுவே, கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் நட்சத்திரம் போன்ற சில செல்கள் இருக்கின்றன. பெயர், லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் இவற்றைக் கண்டுபிடித்தார். ஆமாம், மாணவர்தான்! நீண்ட கைகளைப் பார்த்துவிட்டு, அவர் இவற்றை நரம்பு செல்கள் என்று நினைத்தார். இவை நோய் எதிர்ப்பு செல்கள் என்பது புரிய, அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டு ஆனது.

இவர்கள்தான் ஊர் எல்லையில் நிற்கும் காவல்காரர்கள். தெரியாத முகம் எதுவும் உள்ளே வந்தால் பிடித்து, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, நேராக நிணநீர்க் கட்டிக்கு ஓடுவார்கள். நிணநீர்க் கட்டி என்பது அக்குளிலும் தொடை இடுக்கிலும் 'நெறி கட்டிடுச்சு' என்று சொல்வோமே, அதே கட்டிதான். அங்கே போய், "இந்த மாதிரி ஒருத்தன் வந்திருக்கான், பாத்துக்கோங்க" என்று டி செல் எனும் படைவீரர்களுக்கு அடையாளம் காட்டுவார்கள்.

தோலின் கீழ் அடுக்கில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மேக்ரோபேஜ்கள். வேலை சிம்பிள்: விழுங்கி, செரித்து, குப்பையை ஒழிப்பது. கிருமியை விழுங்கியதும் அதை ஒரு பைக்குள் பூட்டி, அமிலத்தையும் நொதிகளையும் அதற்குள் கொட்டிக் கொல்லப் பார்க்கும்.

பிரச்னை எங்கே என்றால், தொழுநோய்க் கிருமிக்குப் பிடித்த வீடே இந்த மேக்ரோபேஜ்தான். அதோடு, நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். திருடன் வந்து போலீஸ் ஸ்டேஷனிலேயே குடியேறுவது போல.

பம்ப் செட் என்றால் என்ன?

திருநாவலூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கெடிலம் ஆறு இருக்கிற பகுதிதான். ஆனாலும் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. எதை எங்கிருந்து எடுத்து எங்கே விடுவது என்பதை மோட்டார்தான் செய்கிறது.

செல்லுக்கும் அதே கதைதான். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பால் ஆன ஒரு சவ்வு இருக்கிறது. அதைத் தாண்டி சர்க்கரை, இரும்பு, மருந்து, கழிவு என்று பலதும் போகவும் வரவும் வேண்டும். அவற்றில் பலவும் சும்மா நுழைந்துவிட முடியாது. அதற்கென்று அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் டிரான்ஸ்போர்ட்டர்கள். தமிழில் கடத்திப் புரதங்கள். சில உள்ளே இழுக்கும். சில வெளியே தள்ளும்.

இன்னொரு வார்த்தை, 'எக்ஸ்பிரஷன்'. முகபாவனை இல்லைங்க, இது வேற. உங்கள் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே டி.என்.ஏ. தான். வீட்டுக்கு வீடு ஒரே சமையல் புத்தகம் இருப்பது மாதிரி. ஆனால், எல்லா வீட்டிலும் ஒரே சமையலா நடக்கிறது? ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் பிரியாணி. புத்தகத்தில் உள்ள ஒரு குறிப்பை எடுத்து ஒரு செல் நிஜமாகவே அந்தப் புரதத்தைச் செய்தால், அதற்குப் பெயர்தான் எக்ஸ்பிரஷன். ஆக, 'தோலின் நோய் எதிர்ப்பு செல்களில் டிரான்ஸ்போர்ட்டர் எக்ஸ்பிரஷன்' என்று ஆராய்ச்சியாளர்கள் பேசினால், அவர்கள் கேட்பது இதைத்தான்: தோலின் காவல்காரர்கள் எந்தெந்த மோட்டாரை மாட்டி வைத்திருக்கிறார்கள்? எது இப்போது ஓடுகிறது?

மோட்டார் 1: காவல்காரரை நகர வைக்கும் பம்ப்

1976-ல் கனடாவின் டொரன்டோவில் ஜூலியானோ, லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள், மருந்துக்கு அடங்காத செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதத்தைப் பார்த்தார்கள். பெயர், பி-கிளைக்கோபுரோட்டீன். பின்னாளில் இது புற்றுநோய் சிகிச்சையில் பெரிய வில்லன் ஆனது. ஏனென்றால், செல்லுக்குள் போகும் கீமோ மருந்தை இந்த பம்ப் அப்படியே வெளியே துப்பிவிடும்.

சரி, புற்றுநோய் செல்லுக்கு இது வசதி. ஆரோக்கியமான தோலில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்லுக்கு இதனால் என்ன லாபம்?

1998-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான பதில் தந்தது. மனிதத் தோல் துண்டுகளை ஆய்வகத்தில் உயிரோடு வைத்திருந்தார்கள். அதிலிருந்து எதிர்ப்பு செல்கள் தாமாகவே நகர்ந்து, நிணநீர்க் குழாய்கள் வழியாக வெளியே வரும். அப்போது பி-கிளைக்கோபுரோட்டீனை அடைக்கும் மருந்துகளைச் சேர்த்தார்கள். வெளியே வரும் செல்களின் எண்ணிக்கை குறைந்தது! அதாவது, அந்த மோட்டார் ஓடினால்தான் காவல்காரர் எல்லையிலிருந்து கிளம்பி ஊருக்குள் செய்தி சொல்லப் போக முடிகிறது.

2000-ல் இன்னொரு துண்டு கிடைத்தது. எம்.ஆர்.பி.-1 என்ற வேறொரு பம்ப். இது லூக்கோட்ரையீன் என்ற சிக்னல் பொருளை செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அந்தப் பொருள் வெளியே வந்தால்தான், 'நிணநீர்க் கட்டி இந்தப் பக்கம்' என்று வழிகாட்டும் வாசனையை அந்த செல்லால் சரியாகப் பிடிக்க முடிகிறது. இந்த பம்ப் இல்லாத எலிகளில் தோலிலிருந்து கட்டிக்குப் போய்ச் சேர்ந்த செல்கள் வெகுவாகக் குறைந்துபோயின.

தொழுநோயில் லாங்கர்ஹான்ஸ் செல்லின் வேலை ரொம்பப் பெரிது. எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவர்களுக்கு ஓரிரண்டு படைகளோடு நோய் நின்றுவிடும். அந்தப் படைகளில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் கூடுதலாக இருக்கும், கிருமிகளைத் தேடினாலும் கிடைப்பது அரிது. எதிர்ப்பு சக்தி இந்தக் கிருமியிடம் அசந்துபோனவர்களிடமோ, படைகளில் கிருமிகள் கோடிக்கணக்கில் குவிந்திருக்கும், லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைந்திருக்கும். ஒரே கிருமி, ஆளுக்கு ஆள் வேறு ரிசல்ட். தீர்மானிப்பது கிருமியைவிட நம் தோலின் பதில்தான்.

மோட்டார் 2: இரும்பைப் பிடுங்கும் பம்ப்

இப்போது கீழ் அடுக்குக்கு வருவோம். மேக்ரோபேஜ் ஒரு கிருமியை விழுங்கிவிட்டது. பைக்குள் பூட்டியும்விட்டது. இனி எப்படிக் கொல்வது? ஒரு வழி, பட்டினி போடுவது.

கிருமி வாழ இரும்பும் மாங்கனீசும் வேண்டும். அதனால் மேக்ரோபேஜ் அந்தப் பையின் சுவரில் ஒரு பம்பைக் கொண்டுவந்து பொருத்துகிறது. பெயர் என்ராம்ப்-1. பைக்குள் இருக்கும் இரும்பு, மாங்கனீசு அயனிகளை இது உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுவதுபோல, கிருமி வாட வேண்டியதுதான்.

இதன் மரபணுவை 1993-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகர விஞ்ஞானிகள் எலியில் பிரித்தெடுத்தார்கள். சில வகை எலிகள் காசநோய் குடும்பக் கிருமிகளுக்குச் சட்டென்று மடங்குகின்றன, சில தாக்குப்பிடிக்கின்றன. ஏன் என்று தேடிப் போனால், இந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது! ஒரு எழுத்துப்பிழை, மொத்த மோட்டாரும் காலி.

மனிதர்களிடம் கதை இவ்வளவு நேராக இல்லை. 1998-ல் வியட்நாம் குடும்பங்களில் செய்த ஆய்வில், இந்த மரபணு இருக்கும் பகுதிக்கும் தொழுநோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அதே ஆண்டு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், இதே மரபணுவின் சில வகைகளுக்கும் காசநோய்க்கும் தொடர்பு கிடைத்தது. ஆனால் கல்கத்தா நோயாளிகளிடம் தேடியபோது, தொழுநோயோடு அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. ஆக, 'இந்த மரபணு இருந்தால் தொழுநோய் வரும்' என்று யாராவது டெஸ்ட் விற்க வந்தால், பர்ஸை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இது பல மோட்டார்கள் சேர்ந்து இறைக்கும் கிணறு. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

இன்னொரு டவுட்டும் வரும். "அப்போ இரும்புச் சத்து சாப்பிடக்கூடாதா? முருங்கைக்கீரையை நிறுத்திடலாமா?" வேண்டவே வேண்டாம். நீங்கள் சாப்பிடும் கீரைக்கும், மேக்ரோபேஜுக்குள் இருக்கும் அந்தக் குட்டிப் பையில் நடக்கும் சண்டைக்கும் அப்படி நேரடி கணக்கு கிடையாது. ரத்தசோகை இருக்கும் பெண்கள் இரும்பு மாத்திரையை நிறுத்தினால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

கிருமிக்கு நம்ம ஊர் இனிஷியல்!

இதைக் கேளுங்கள். தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தார். ஆனால் இன்றுவரை அதை ஆய்வகத்தில் தட்டில் வைத்து வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும், ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். ஒரு முறை இரண்டாகப் பெருகவே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் மகா சோம்பேறி. அதனால்தான் கிருமி உள்ளே நுழைந்து அறிகுறி தெரிய, சராசரியாக ஐந்து வருஷம் ஆகிறது. சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகலாம்.

2001-ல் இந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி வகையின் பெயர் 'டி.என்.'. ஆமாம், தமிழ்நாடுதான்! தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட வகை அது. நம்ம வண்டி நம்பர் பிளேட்டில் இருக்கும் அதே இரண்டு எழுத்து.

படித்துப் பார்த்தால் ஆச்சர்யம். வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செத்துப்போன, உடைந்த மரபணுக்கள் 1,100-க்கும் மேல்! மனிதனுக்குள்ளேயே ரொம்ப காலம் ஓசிச் சாப்பாட்டில் வாழ்ந்ததால், சொந்தமாகச் சமைக்கவே மறந்துவிட்டது போலிருக்கிறது. காசநோய்க் கிருமி, இரும்பைப் பிடித்து இழுக்க ஒரு கொக்கி மாதிரியான பொருளைச் செய்யும். அந்தக் கொக்கியைச் செய்யும் மரபணுக் கூட்டமே தொழுநோய்க் கிருமியிடம் இல்லை. தன் சமையலுக்கு அது நம் செல்லையே எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி. நம் செல்லின் பம்புகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

மாத்திரை கறுப்பாக்குமா?

இனி சிகிச்சை. 1940-களில் டாப்சோன் குடும்ப மருந்துகள் வந்தன. செங்கல்பட்டில் 1924-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையும், வேலூர் பக்கத்தில் இருக்கும் கரிகிரி மையமும் இந்த நோயின் உலக வரலாற்றிலேயே இடம் பிடித்தவை. மடங்கிப்போன கைவிரல்களை அறுவை சிகிச்சையில் மீட்கும் முறையை டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது வேலூரில்தான்.

ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்கிறது என்பதால், 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமைன். படைகளின் எண்ணிக்கை, நரம்பு பாதிப்பு போன்றவற்றைப் பார்த்து 6 மாதம் அல்லது 12 மாதம். அவ்வளவுதான்.

இங்கேயும் நம் மோட்டார் வருகிறது. பி-கிளைக்கோபுரோட்டீன் வெளியே தள்ளும் சரக்குகளில் ரிஃபாம்பிசினும் ஒன்று. போதாததற்கு, ரிஃபாம்பிசினைத் தொடர்ந்து சாப்பிடும்போது உடம்பு அந்த பம்பையும், மருந்தைச் சிதைக்கும் நொதிகளையும் கூடுதலாகச் செய்யத் தொடங்கும். இதனால் வேறு சில மருந்துகளின் பலம் குறையும். குறிப்பாக, கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

பயப்பட வைக்கும் இன்னொரு நிறம், குளோஃபாசிமைன் தருவது. இது கொழுப்பில் கரையும், சாயம் போன்ற மருந்து. மேக்ரோபேஜ்களுக்குள்ளேயே போய்ப் படிகம் மாதிரி சேர்ந்துகொள்ளும். கிருமி குடியிருக்கும் வீட்டுக்கே மருந்து போய் உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். விலை என்னவென்றால், தோல் கொஞ்ச நாள் செம்பழுப்பாக, கறுப்பாகத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரும் நேரம், காலேஜ் ஃபேர்வெல் என்று இதற்காகவே மாத்திரையைப் பாதியில் நிறுத்த நினைப்பார்கள். ப்ளீஸ், நிறுத்தாதீங்க. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அந்த நிறம் மெதுவாக மறையத் தொடங்கும். ஆனால், ஒரு முறை செத்துப்போன நரம்பு அப்படித் திரும்பி வராது.

இன்னொன்று. சிகிச்சையின் நடுவில் திடீரென்று படைகள் சிவந்து வீங்கலாம், நரம்பு வலிக்கலாம், காய்ச்சல் வரலாம். 'மாத்திரை ஒத்துக்கல' என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். இது பெரும்பாலும் நம் எதிர்ப்பு செல்கள் திடீரென்று விழித்துக்கொண்டு போடும் சண்டை. 'ரியாக்‌ஷன்' என்பார்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனால், அதற்குத் தனி மருந்து உண்டு. தள்ளிப்போட்டால்தான் கை, கால் நரம்புக்கு ஆபத்து.

அந்த க்ரீம் என்ன செய்தது?

நம் கற்பனைப் பெண்ணுக்குத் திரும்புவோம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அந்த க்ரீம் ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால்? ஸ்டீராய்டு பூசும்போது சிவப்பு அடங்கும், படை மங்கும். அதோடு மேல் தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களின் எண்ணிக்கையும் குறையும். காவல்காரரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, 'திருடன் போயிட்டான்' என்று நிம்மதியாக இருப்பது மாதிரி. உள்ளே கிருமி தன் வேகத்தில் நரம்பைத் தின்றுகொண்டிருக்கும்.

2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு கலந்த பல மேல்பூச்சு க்ரீம்களை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றியது. ஆனாலும் 'சிவப்பழகு', 'தேமல்', 'படர்தாமரை' என்று எல்லாவற்றுக்கும் ஒரே டியூபைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. தோலில் எது வந்தாலும், முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் க்ரீம்.

எப்போது போய்க் காட்டணும்?

* வெளுத்த அல்லது சிவந்த படையில் அரிப்பு இல்லை, தொடு உணர்ச்சி குறைவு, வியர்வை இல்லை, முடி உதிர்ந்திருக்கிறது.

* கை, காலில் மரத்துப்போன உணர்வு. சூடான டம்ளரைப் பிடித்தும் சுட்டது தெரியவில்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை.

* காது மடல், முகம் தடித்து எண்ணெய் பூசியதுபோல மினுமினுப்பு.

* சுண்டுவிரல் மடங்குவது, பாதம் தொங்குவது, கண்ணை முழுசாக மூட முடியாமல் போவது. இதற்கெல்லாம் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அம்மாவையோ தம்பியையோ பஞ்சு நுனியால் அந்த இடத்தையும், பக்கத்தில் நல்ல தோலையும் மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். எங்கே தொட்டார்கள் என்று விரலால் காட்டுங்கள். படையில் தொட்டது தெரியவில்லை என்றால் உடனே டாக்டர். தெரிந்தாலும், படை போகவில்லை என்றால் டாக்டர்தான். முகத்தில் வரும் படைகளில் உணர்ச்சி அப்படியே இருக்கக்கூடும். ஊசியால் குத்துவது, ஊதுவத்தியால் சுடுவது போன்ற வீர சாகசங்கள் கண்டிப்பாக வேண்டாம்.

எங்கே போவது? பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். தேவைப்பட்டால் அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கல்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இறங்கி வருவதே ஒரு நாள் வேலை என்பது உண்மை. அதனால் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் காட்டுங்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்க வரும்போது 'எங்க வீட்ல அதெல்லாம் இல்ல' என்று கதவைச் சாத்த வேண்டாம்.

தொட்டால் ஒட்டிக்குமா?

ஒட்டாது. கை குலுக்கினால், பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே பந்தியில் சாப்பிட்டால் வராது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழும்போது, மூக்கு, வாய் வழியாக வரும் துளிகளில்தான் பரவுகிறது என்பதே பொதுவான கருத்து. அப்படியே கிருமி வந்தாலும், மனிதர்களில் 100-ல் சுமார் 95 பேருக்கு இயற்கையாகவே இதை அடக்கும் சக்தி இருக்கிறது. எல்லாம் அந்தக் காவல்காரர்கள் உபயம். சிகிச்சை தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் நின்றுவிடும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களையும் பரிசோதித்து, பாதுகாப்புக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், இந்த ஒரு வேளை மருந்து முதல் இரண்டு வருஷத்தில் புதிய பாதிப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது.

இந்தியா 2005 டிசம்பரில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கைத் தொட்டது. 'ஒழிச்சாச்சு' என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். ஆனால் 2023-ல் உலகம் முழுக்கப் பதிவான சுமார் 1,82,000 புதிய நோயாளிகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம் நாட்டில்தான். மறந்துபோன நோய்தான் லேட்டாகக் கண்டுபிடிக்கப்படும்.

சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் அதைச் சொல்லியே விவாகரத்து கேட்கலாம். 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஐந்து தனிநபர் சட்டங்களிலிருந்து அதை நீக்கிவிட்டது. சட்டப் புத்தகத்தில் அழிந்தது, நம் வாயிலிருந்தும் அழிய வேண்டும். 'குஷ்டம்' என்று திட்டும் பழக்கம்தான் இன்றைக்கும் பலரை முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொள்ள வைக்கிறது. ஒளிந்துகொள்ளும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்கு நஷ்டம்.

சுந்தரருக்குப் பக்தர்கள் வைத்த இன்னொரு பெயர், 'தம்பிரான் தோழர்'. இறைவனுக்கே நண்பர். உங்கள் தோழியின் முழங்கையில் அப்படி ஒரு வெளுப்பைப் பார்த்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் தோழமையான ஒரு காரியம்தான். "ஏய், இதத் தொட்டா தெரியுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'தெரியல' என்று பதில் வந்தால், "வா, நானும் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.